மிதத்தல் பற்றிய நூலும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பும்

மொழிபெயர்ப்புக் கொள்கை பற்றிய ஆய்வுகளில் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு பெரும்பாலும் தாழ்வாகவே மதிப்பிடப்படுகிறது. மூலத்தின் கருத்தைப் பெறுமொழியின் இயல்புக்கேற்பத் தருவதே சிறந்தது என்பர். இம்மதிப்பீட்டை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்வது, ஆர்க்கிமிடீசின் ‘மிதக்கும் பொருள்கள்’ என்னும் நூலின் வரலாறு.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிரக்கூசில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு இந்நூலை இரு பகுதிகளாகக் கிரேக்கத்தில் எழுதினார். நீர்மத்தைவிட இலேசான பொருள், தான் விலக்கும் நீர்மத்தின் எடை தன் எடைக்குச் சமமாகும் அளவிற்கே அதில் அமிழும். கனமான பொருள் அடிவரை சென்று, தான் விலக்கிய நீர்மத்தின் எடையளவு எடை குறைந்து நிற்கும் என்பன அவர் நிறுவிய முடிவுகள். இங்கு இலேசு, கனம் என்பன ஒத்த பருமனுள்ள பொருளையும் நீர்மத்தையும் ஒப்பிட்டுக் கூறப்படுவன. இரும்புத் துண்டு மூழ்குவதும், உட்குடைவால் மிகுதியான நீரை விலக்கும் இரும்புக் கப்பல் மிதப்பதும் இவ்விதிகளுக்கு உட்பட்டவையே.

பிளெமிய நாட்டவரும் தொமினிக்கத் துறவியுமான மூர்பெக்கே வில்லியம், போப்பாண்டவர் அவை இருந்த வித்தெர்போ நகரில் 1269இல் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். சொல்வரிசையையும் இடைச்சொற்களையும்கூட இயன்றவரை காத்தது அவர் முறை. அவர் பயன்படுத்திய கிரேக்கச் சுவடியைப் பற்றிப் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பின் செய்தி இல்லை. அதன்பின் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஐரோப்பிய அறிஞர் இந்நூலை அறிந்தது அவர்தம் இலத்தீன் வழியாகவே ஆகும். தார்த்தாலியா 1543இல் அதன் முதற்பகுதியைப் பெயர்த்தவர் பெயரைச் சுட்டாமலே அச்சிட்டார். கொம்மாந்தினோ 1565இல் இரு பகுதிகளையும் திருத்தி உரையுடன் வெளியிட்டார். அவர் திருத்த நேர்ந்ததே இம்முறையின் இடர்ப்பாட்டைக் காட்டும். கணிதம் அறிந்தார்க்கும் அந்த இலத்தீன் எளிதில் விளங்கவில்லை.

எனினும் அதன் பயன் பின்னரே தெளிவாயிற்று. 1229இல் எழுதி முடிக்கப்பட்ட ஒரு வழிபாட்டு நூலின் தோலேடுகளில், சுரண்டி அழிக்கப்பட்ட பத்தாம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்நூலின் கிரேக்க மூலம் இருப்பதை ஐபெர்க் 1906இல் கான்ஸ்தாந்திநோபிளில் கண்டறிந்தார். ஆயினும் ஏடுகள் சிதைந்த இடங்களில் அவருடைய பதிப்பு இலத்தீனையே துணைக்கொண்டது. மூலம் கிடைத்த பின்னும் பெயர்ப்பு மூலச்சான்றாக நின்றது.

இனிச் சொற்களை நோக்குவோம். ஆர்க்கிமிடீசு ஆளும் சொல் ‘ஹுக்ரோன்’. ஈரமானது என்பது அதன் பொருள். மூர்பெக்கே அதனை ‘ஹூமிதும்’ என்றார். அதற்கும் ஈரமானது என்பதே பொருள். பின்னர் வழங்கிய ‘ஃப்ளூயிதும்’ ஒழுகுவது என்னும் பொருளது. தமிழில் ‘நீர்மம்’ நீர் என்னும் பெயரடியாகவும், ‘பாய்மம்’ பாய் என்னும் வினையடியாகவும் அமைந்தவை. பாய்மம் வளிமத்தையும் உள்ளடக்கும். எனவே ஆர்க்கிமிடீசைத் தமிழில் தருவோர் ‘பாய்மம்’ என்றால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைப்பவராவர்.

‘ஒப்படர்த்தி’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஆர்க்கிமிடீசிடம் இதற்கெனத் தனிக் கலைச்சொல் இல்லை. ‘நீர்மத்தைவிட இலேசானது’ என்றே அவர் கூறுகிறார். பொருள் மிதப்பதற்கு வடிவம் காரணமன்று என வாதிட்டு 1612இல் கலிலியோ இத்தாலிய மொழியில் எழுதிய நூலில், ‘இனத்தால் ஒத்த கனமுடையவை’ என்னும் வகைத் தொடர்கள் காணப்படுகின்றன. 1897இல் ஆர்க்கிமிடீசை இக்காலக் குறியீடுகளுடன் ஆங்கிலத்தில் தந்த ஹீத், இரண்டாம் பகுதியில் ஒப்படர்த்தியைக் குறிக்கும் ஆங்கிலக் கலைச்சொல்லையே நேராக இட்டார். கணிதம் பயில்வோர்க்கு அது பெருந்துணை. ஆனால் அதனை மட்டும் படிப்பவர், அக்கலைச்சொல் ஆர்க்கிமிடீசிடமே இருந்ததாகக் கொள்வர். கருத்துக்கும் கலைச்சொல்லுக்கும் இடைப்பட்ட நெடுங்காலம் அவர் பார்வையினின்று மறைந்துவிடும்.

ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, கருத்துப் பெயர்ப்பு ஆகிய இரண்டனுள் உயர்ந்தது எது என்னும் வினா பொதுவாக எழுப்பத்தக்கதன்று. கற்பிக்கும் நூலுக்கு ஹீத்தின் முறை பொருந்தும். மூலம் அழியக்கூடும் சூழலிலும், கலைச்சொல் வரலாற்றை ஆராயுமிடத்தும் மூர்பெக்கேயின் முறையே பயன் தரும். பழைய அறிவியல் நூல்களைத் தமிழாக்குவோர் இக்காலக் கலைச்சொல்லை மொழிபெயர்ப்பினுள் இடாமல் அடிக்குறிப்பில் தருவது இரு பயன்களையும் காக்கும் வழியாகும்.