ஓ139 பெங்கால்

1992 அக்டோபரில் சென்னையில் காலரா பரவியபோது, நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை வழக்கமான ஓ1 எதிர்ச்சீரத்தோடு கலந்து பார்த்தார்கள். கொள்ளைநோய்க் காலராக் கிருமி என்றால் உடனே திரள வேண்டும். திரளவில்லை. ஆனால் நோய் காலராவேதான். சில மாதங்களில் அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டிவிட்டது. புதியதற்கு 'விப்ரியோ காலரே ஓ139 பெங்கால்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெயரில் என்னை அதிகம் ஈர்ப்பது அந்த ஒற்றை எழுத்து. முதல் உலகப் போர்க் காலத்தில் எட்மண்ட் வைல், ஆர்தர் ஃபெலிக்ஸ் இருவரும் புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். நீந்தும் வகை, கண்ணாடியில் ஊதிய மூச்சைப்போலத் தட்டெங்கும் மெல்லிய படலமாகப் பரவியது. ஜெர்மனில் 'ஹௌக்', அதாவது மூச்சு. நீந்தாத வகைக்கு அந்தப் படலம் இல்லை. அது 'ஓனெ ஹௌக்'. பிறகு முதலெழுத்துகள் மட்டுமே தங்கின. நீந்த உதவும் கசையிழைக்கு எச், உடலின் மேற்பரப்புக்கு ஓ. 'இல்லாமல்' என்று பொருள்படும் சொல், நம் உடல் கிருமியை இனங்காணும் பொருளுக்கே பெயராயிற்று.

அந்தப் பொருள் லிப்போபாலிசாக்கரைடு. அதன் கொழுப்புப் பகுதி கிருமியின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும்; சர்க்கரைச் சங்கிலி வெளியே நீண்டிருக்கும். கொழுப்பு நம் செல்களில் அழற்சியைத் தூண்டும். எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் சங்கிலியைத்தான் நினைவில் வைக்கும். ஓ1 சங்கிலி, பெரோசமின் என்ற சர்க்கரையைத் திரும்பத் திரும்பக் கோத்தது. அதன் நுனியில் ஒரு மீத்தைல் தொகுதி இருந்தால் ஒகாவா, இல்லாவிட்டால் இனாபா. அவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கும் தனிப்பெயர் உண்டு!

ஓ139இல் பெரோசமினே கிடையாது. சங்கிலி குட்டை, அதில் கோலிடோஸ் என்ற அரிய சர்க்கரை, போதாததற்கு மேலே ஒரு சர்க்கரை உறை வேறு. உள்ளே அது ஓ1இன் எல் டோர் என்ற பழைய காலரா வகைதான். முக்கியமாக மேற்பரப்பைக் கட்டும் மரபணுத் தொகுதி மாறியிருந்தது. ஓ1க்கு எதிராகத் தேறியிருந்த பெரியவர்களும் நோயில் விழ, அது போதுமாயிருந்தது.

எண்ணின் கதை சிறியது. அதற்கு முன் 138 ஓ வகைகள் பட்டியலில் இருந்தன. ஓ1ஐத் தவிர மற்றவற்றைக் கொள்ளைநோய்க்கு உரியவையாக யாரும் கருதவில்லை.

'பெங்கால்' என்றதும் வங்க மாநிலம் நினைவுக்கு வரும். ஆனால் வங்காள விரிகுடாக் கரையோரங்களில் முதலில் கிடைத்ததால் அமைந்த பெயர் அது. பொருத்தமான பெயர் என்பேன். விப்ரியோ காலரே கழிமுகத்திலும் உவர்நீரிலும், துடுப்புக்காலிகள் என்ற மிகச்சிறிய ஓட்டுடலிகளைப் பற்றிக்கொண்டு வாழ்வது. மனிதக் குடல் அதற்கு இடைத்தங்கல் மட்டுமே. அங்கே அதைத் தடுக்க, 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்ற ஷான்கால் வாய்வழித் தடுப்புமருந்தில் ஓ1, ஓ139 இரண்டையுமே சேர்த்திருந்தார்கள்.