செதேவுக்குப் பின்னால் ஒரு மார்கரெட்

டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலை இரண்டு முறை வாசித்தேன். செதேயின் முதுகுத் தழும்புகள் வழியே, நினைவு எப்படி உடலில் தங்கிவிடுகிறது என்பதை முதல் வாசிப்பில் உணர்ந்தேன். இரண்டாம் வாசிப்பில் ஒரு மனக்குறையும் சேர்ந்துகொண்டது.

இந்தக் கதைக்கு வித்தானவர் மார்கரெட் கார்னர். 1856 ஜனவரியில், உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து, கென்டக்கியிலிருந்து சின்சினாட்டிக்குத் தப்பி வந்தார். துரத்தி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், மகள் மறுபடி அடிமையாகக் கூடாதென்று அக்குழந்தையைத் தன் கையாலேயே கொன்றார். அவர்மீது கொலை வழக்கு நடத்துங்கள் என்று கேட்டவர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள்தாம். கொலைக் குற்றம் சாட்டினால் சட்டம் அவரை மனுஷியாக ஒப்புக்கொண்டாக வேண்டும் அல்லவா? ஆனால் 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்துக்கு அவர் வெறும் உடைமை. எஜமானனிடமே ஒப்படைக்கப்பட்டார், தெற்கே அனுப்பப்பட்டு, 1858இல் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார்.

நாவலில் செதே சிறையிலிருந்து மீண்டு ஒஹையோவிலேயே வாழ்கிறாள். மார்கரெட்டுக்கு அது வாய்க்கவில்லை. செதேவை மட்டும் அறிந்தால், சட்டம் இழைத்த கொடுமையை ஒரு தாயின் குற்றவுணர்வாகச் சுருக்கிவிடுவோம் என்பதே என் மனக்குறை.

ஆனாலும், இறந்த மகள் திரும்பி வந்து தாயிடம் என்ன கேட்பாள் என்று எந்த நீதிமன்றமும் யோசித்ததில்லை, மாரிசன் யோசித்தார். அதற்காகவே இந்நாவலை மாணவிகளிடம் தொடர்ந்து கொடுக்கிறேன், மார்கரெட்டின் வழக்கையும் சேர்த்துச் சொல்லி.