0.1 செகண்டும் ஒரு ரேடியோ குரலும்

1932, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ். பெண்கள் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் ஃபைனல். ஆஸ்திரேலியாவின் கிளேர் டெனிஸ் தங்கம். ஜப்பானின் ஹிதேகோ மயேஹாதா வெறும் 0.1 செகண்ட் பின்தங்கி வெள்ளி.

வயசு 18. அம்மா, அப்பா ரெண்டு பேரும் அப்போ உயிரோட இல்ல. ஊர் திரும்பினா டோக்கியோ மேயர் நகதா, தங்கம் கைநழுவிப் போச்சேன்னுதான் ஆதங்கப்பட்டார். நீச்சலை விட்டுடலாமான்னு யோசிச்சவர், மறுபடியும் பயிற்சியில இறங்கினார்.

1936, பெர்லின். அதே ரேஸ். பக்கத்திலேயே துரத்தி வர்றது ஜெர்மனியின் மார்த்தா கெனெங்கர். ஜப்பான்ல அப்போ நள்ளிரவு. எல்லாரும் ரேடியோ பக்கத்துல. வர்ணனையாளர் கசாய் வர்ணனையையே மறந்துட்டு, "மயேஹாதா, கன்பாரே!"ன்னு 20 தடவைக்கு மேல கத்தினார். ‘விடாதே, முயற்சி பண்ணு’ன்னு அர்த்தம். 3 நிமிடம் 3.6 செகண்ட், 0.6 செகண்ட் வித்தியாசத்துல தங்கம். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண்!

ஆனா யோசிச்சுப் பாருங்க: ஒரு நாடே சொல்ற அந்த "கன்பாரே" ஊக்கமா, உத்தரவா? வெள்ளி வாங்கினப்போ கிடைச்ச வரவேற்பைப் பார்த்தா, ரெண்டும்தான்.

பிறகு கல்யாணம், நகோயா வாழ்க்கை. அங்க அம்மாக்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். 1983-ல் மூளையில ரத்தக்கசிவு. தேறி வந்து, திரும்பவும் தண்ணியில இறங்கினார். 1995-ல் மறைந்தார். எனக்கு அந்த ரேடியோ ஆடியோவைவிட, இந்தக் கடைசிப் பகுதிதான் ரொம்பப் பிடிச்சது.