ரேகைப் பதிவேடும் சிறைக் கணக்கும்

 1993 வரை இருந்த தென்னாற்காடு மாவட்டத்தின் உட்பகுதியில், அசீஸ் நகரில், குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய குடும்பங்களை ஆங்கிலேய அரசு கொண்டுவந்து அடைத்து வைத்தது. வேப்பூர்ப் பறையர்களும் அதில் சிக்கினார்கள்.

1871-இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்றுதான் மக்கள் சொன்னார்கள். விரல் ரேகையை உருட்டிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஆள் திருடினானா என்ற கேள்வியே கிடையாது, சாதி போதும். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் ஆண்கள் இரவில் காவல் கச்சேரியில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவன் வீட்டில் தங்கிவிட்டால் அதுவே குற்றம். அந்தத் தண்டனை மறுபடி அவன் சாதியின் கணக்கில்தான் ஏறும். கணக்கு ஏற ஏறச் சட்டத்துக்கு நியாயம் கூடும். காவல் எங்கே நெருக்குகிறதோ அங்கே வழக்கும் பெருகும் என்பதை அதிகாரிகள் பார்க்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

மாகாணத்தில் சட்டம் 1947-இல் ஒழிந்தது.

ஒடுக்கப் பயன்பட்ட கணக்கு, ஒடுக்கப்பட்டவர்களுக்கும் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை டேவிட் பால்டஸ் என்பவரின் ஆய்வுக் குழு அலசியது. கொல்லப்பட்டவர் வெள்ளையர் என்றால் மரண தண்டனைக்கான வாய்ப்பு 4.3 மடங்கு. 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட வழக்கில் பாகுபாடு நடந்ததற்கு இது சான்றாகாது என்று 5-4 என்ற கணக்கில் ஒதுக்கியது.

இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். சிறையில் இருப்போரில் நான்கில் மூன்று பங்கு. விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 16.6 சதவீதம். இந்த இடைவெளி மட்டுமே பாகுபாட்டை நிறுவிவிடாது. ஜாமீனுக்குக் கையெழுத்திட ஆள் கிடைக்காத வறுமையும் அதில் இருக்கிறது. கைதிலா, ஜாமீனிலா, தீர்ப்பிலா, எந்தப் படியில் எண்ணிக்கை கூடுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. காப்பகத்தின் கணக்கெடுப்புக்கு அது தடையில்லை என்று பின்னர் தெளிவுபடுத்தியது நல்லதாயிற்று.

ஆனால் அந்தக் கணக்கிலும் இருளர் பழங்குடியினர் தனியே தெரிவதில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி 1990-களில் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அவர்கள்மீது போடப்படும் பொய்த் திருட்டு வழக்குகளை ஒவ்வொன்றாக எதிர்த்து வருகிறது. அறிக்கையோ தமிழகப் பழங்குடிகள் எல்லோரையும் ஒரே கட்டத்தில் அடக்கிவிடுகிறது. எந்த மாவட்டத்தில் எத்தனை இருளர்கள், எந்தப் பிரிவில், எத்தனை நாள் ஜாமீன் இல்லாமல் கிடந்தார்கள் என்று அது தனித்தனியே சொல்ல வேண்டும்.