ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

12 என்ற எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எண்கள் அத்தனையையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுகிற பகு எண்களைப் பற்றி, ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் வெளியானது. சங்கத்துக்குப் பணமுடை என்பதால் முழுதாக அச்சாகவில்லை. (மிச்சப் பகுதி அச்சேற 1997 ஆயிற்று!) ஆனாலும் அந்த ஆய்வுக்காகத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது. இங்கே எஃப்.ஏ. தேர்விலேயே தோற்றவர் அவர்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இத்தகைய எண்கள் நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டிருந்தார். கடைசி எண் 67,46,32,83,88,800. அதன் காரணிகள் மட்டும் 10,080.

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. இதற்கு 5,040 காரணிகள். பகா எண்களாகப் பிரித்தால் இரண்டுக்கு ஆறாம் அடுக்கு, மூன்றுக்கு நான்கு, ஐந்துக்கும் ஏழுக்கும் இரண்டிரண்டு, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. இதை 23 என்ற பகா எண்ணால் பெருக்கினால் காரணிகள் சரியாக இரட்டிப்பாகும். பெருக்கிப் பார்த்தால் வருவது வேறெதுவும் இல்லை, ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணேதான்.