நத்தார்: ஒரு சொல் வந்த வழி



மார்கழி 25ஆம் நாளின் திருநாளைத் தமிழகத்தார் பெரிதும் ‘கிறிஸ்துமஸ்’ என்பர். இலங்கைத் தமிழர் நாம் ‘நத்தார்’ என்கிறோம். நத்தார் மரம், நத்தார் தாத்தா, நத்தார் வாழ்த்து என்று புழங்கும் இச்சொல் காதுக்குத் தமிழ்போலவே ஒலிக்கிறது. தமிழில் அப்படியொரு வடிவமும் உண்டு. ‘நத்துதல்’ என்றால் விரும்புதல். அதன் எதிர்மறையாகிய ‘நத்தார்’, விரும்பாதவர், அதாவது பகைவர் எனப் பொருள்படும். அன்பின் திருநாளுக்கும் பகைவருக்கும் ஒரே பெயரா என்று திகைக்க வேண்டாம். ஒலி ஒன்று; வேர் வேறு.

திருநாளின் பெயர் போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்பதிலிருந்து வந்தது. இலத்தீனில் ‘நத்தாலிஸ்’ என்றால் பிறப்புக்குரியது. பிரெஞ்சுக்காரரின் ‘நொயெல்’ என்பதும் இந்த வேரில் கிளைத்ததே. சிங்களம் ‘நத்தல்’ என்று லகரத்தைக் காத்துக்கொண்டது. தமிழ் அதை ரகரமாக்கிக்கொண்டது. கதிரை, அலுமாரி, பாண் எல்லாம் நம் வீட்டுக்குள் வந்த வழியும் இதுதான்.

1497இல் வாஸ்கோ ட காமா நத்தார் காலத்தில் கடந்துசென்ற தென்னாபிரிக்கக் கரைக்கு இட்ட பெயரும் இதுவே. அந்த நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் தமிழர் கப்பலேறினர். அதே நூற்றாண்டில் வேறு பல தமிழர் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர்.

கண்டிக்குப் போர்த்துக்கேயர் உண்மையிலேயே பகைவர். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் 1638இல் அவர்களது படை அழிந்தது. பின்னர் கரையோரம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளார், 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் அவரைச் சிறையிட்டனர். ஆயினும் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் காலப்போக்கில் அவரை விடுவித்து, சமயப் பணிக்கும் இடமளித்தான். 1697இல் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரை அடிகளார் பேணினார். 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

பகைவர் கொண்டுவந்த பெயர் அவர்களோடு போய்விடவில்லை. கண்டியிலே அண்டை வீட்டார் ‘நத்தல்’ என்கின்றனர். நாம் ‘நத்தார்’ என்கிறோம். மொழிகள் இரண்டாயினும், இருவரும் சொல்வது ‘பிறப்பு’ என்பதையே.