எலும்புத்தசை மூப்பில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு

எலும்புத்தசை மூப்பு என்பது, வயது ஏற ஏற எலும்புகளோடு இணைந்த தசைகளின் பருமனும் வலிமையும் தாங்குதிறனும் குறைந்து வருவதாகும். இக்குறைவு நடமாட்டத்தையே பாதிக்கும் அளவுக்கு முற்றும்போது அது சார்கோபீனியா எனப்படுகிறது. 1989-இல் இர்வின் ரோசன்பர்க் இட்ட பெயர் இது. நரம்பு இழப்பு, ஹார்மோன் குறைவு, புரதப் பற்றாக்குறை, நாட்பட்ட அழற்சி எனக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று, தசைச் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் தேய்வு. முதுமையிலும் உழைப்பால் இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்ய முடியும்.

அமைப்பும் பணியும்

தசை சுருங்கவும் தளரவும் ஏடிபி என்னும் மூலக்கூறு வேண்டும். ஆக்சிஜனின் துணையோடு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து மைட்டோகாண்ட்ரியா அதைத் தயாரிக்கின்றன. தசையிழையின் உறைக்கு அடியிலும், சுருங்கும் நுண்ணிழைகளுக்கு இடையிலும் அவை அமைந்துள்ளன. நெடுநேரம் நடக்கவும் நிற்கவும் உதவும் மெதுவிழைகளில் அவை மிகுதி. சட்டென எழவும், சுமை தூக்கவும், கால் இடறும்போது உடலைத் தாங்கவும் உதவும் வேகவிழைகளில் குறைவு. மூப்பில் அதிகம் மெலிபவை வேகவிழைகளே. நெடுந்தூரம் நடக்கக்கூடிய முதியவரும் கால் இடறினால் சமாளிக்க முடியாமல் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. மனிதரில் அது 16,569 கார இணைகளும் 37 மரபணுக்களும் கொண்ட வளையம். இதன் முழு வரிசையை 1981-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

மூப்பில் நிகழும் மாற்றங்கள்

முதல் மாற்றம் டிஎன்ஏ சிதைவு. வளையத்தின் ஒரு பகுதி அறுந்து விடுபட்ட பிரதிகள் ஓர் இழைக்குள் பெருகி, நல்ல பிரதிகளை மிஞ்சிவிடுகின்றன. முதியவரின் தசைத் துணுக்கை மெல்லிய சீவலாக வெட்டி, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதிக்கும் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் நொதிக்கும் சேர்த்துச் சாயமிட்டால் இதன் விளைவை நுண்ணோக்கியில் நேரே காணலாம். நலமான இழைகள் பழுப்பு நிறமேற்க, அவற்றின் நடுவே முதல் நொதியை இழந்த இழைகள் நீலமாகத் தெரியும். ஓர் இழையை நீளவாக்கில் தொடர்ந்து பார்த்தால் குறிப்பிட்ட தொலைவுக்கு மட்டும் இக்குறை இருப்பது புலப்படும். மூப்படைந்த எலிகளில் பல இழைகள் அதே இடத்தில் மெலிந்தும், சில அங்கேயே அறுந்தும் இருப்பது காணப்பட்டுள்ளது.

இரண்டாவது, பராமரிப்புத் தளர்ச்சி. மைட்டோகாண்ட்ரியா ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் வாழ்பவை. பழுதானவற்றைப் பிங்க்1, பார்க்கின் ஆகிய புரதங்கள் அடையாளமிட, செல் அவற்றை அழிக்கிறது. வயதானால் இணைவும் அழிப்பும் சீர்கெடுகின்றன. மூன்றாவது, புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாக ஆணையிடும் பிஜிசி-1 ஆல்ஃபா புரதத்தின் செயல்பாடு குறைதல். தசை அசையாதிருந்தால் எந்த வயதிலும் இது குறையும். ஆகவே மூப்பின் கணக்கில் எழுதப்படும் இழப்பில் ஒரு பகுதி உண்மையில் முடங்கிக் கிடப்பதால் வருவது.

ஆய்வு வரலாறு

ஆக்சிஜன் பயன்பாட்டின்போது உண்டாகும், எளிதில் வினைபுரியும் தனி உறுப்புகளே (free radicals) மூப்புக்குக் காரணம் என டென்ஹம் ஹார்மன் 1956-இல் கூறினார். 1972-இல் மைட்டோகாண்ட்ரியாவை அவற்றின் முதன்மை ஊற்றாக முன்வைத்தார். 2004-இல், மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் பிழையோடு படியெடுக்கும் எலிகள் உருவாக்கப்பட்டன. அவை இளமையிலேயே முதுகு வளைந்து, உடல் மெலிந்து இறந்தன. ஆனால் அவற்றில் தனி உறுப்புகள் பெருமளவு கூடவில்லை. எனவே ஹார்மனின் கருத்து அப்படியே ஏற்கப்படுவதில்லை. 2005-இல் மேயோ கிளினிக்கின் ஸ்ரீகுமாரன் நாயர் குழு 18 முதல் 89 வயது வரையிலான 146 பேரை ஆராய்ந்து, வயதோடு தசையின் ஏடிபி உற்பத்தி குறைவதைக் காட்டியது.

உழைப்பின் விளைவு

ஓட்டப் பயிற்சி எலியின் தசையில் மைட்டோகாண்ட்ரிய நொதிகளை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதை 1967-இல் ஜான் ஹாலோசி நிறுவினார். 2017-இல் நாயர் குழுவின் ஆய்வில், 12 வாரத் தீவிர இடைவெளிப் பயிற்சி மைட்டோகாண்ட்ரியத் திறனை இளையோரிடம் 49 சதவீதமும் முதியோரிடம் 69 சதவீதமும் உயர்த்தியது.

கம்பம் பள்ளத்தாக்கில்

ஏலமலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடைப்பட்ட தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கு, உடலுழைப்பால் வாழும் நிலம். முல்லைப் பெரியாற்று நீரால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நாற்று நடவு, களையெடுப்பு, பந்தலுக்கு அடியில் கைகளை உயர்த்தியபடியே செய்யும் திராட்சைக் கவாத்து, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் போய்ப் பார்க்கும் ஏலத்தோட்ட வேலை ஆகியவை மெதுவிழைகளை நாள்தோறும் இயக்குபவை. மூட்டுவலியாலோ இயந்திர வருகையாலோ வேலை நின்றபின் வீட்டிலேயே இருந்துவிடும்போது தசை தன் தூண்டுதலை இழக்கிறது. "வயசாகிப்போச்சு, இனி உட்கார்" என்று அன்போடு சொல்லும் வீட்டார் இதை அறிந்திருத்தல் நல்லது. வேலை நின்றாலும் இயக்கம் நிற்கக் கூடாது.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இப்பள்ளத்தாக்கின் பெருமை. திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால், அதிக அளவில் கொடுத்தபோது எலிகளின் தசை மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கியதாக 2006-இல் அறியப்பட்டது. மனிதரில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஏறத்தாழ 65 வயது ஆண்களுக்குப் பயிற்சியோடு நாளுக்கு 250 மில்லிகிராம் கொடுத்த 2013-ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வில், பயிற்சியின் சில பலன்களை அம்மருந்து மட்டுப்படுத்தியது. பழத்தில் இருப்பதோ மிகச் சிறிய அளவு. பன்னீர் திராட்சையைச் சுவைக்காக உண்ணலாம். தசை மருந்தாகக் கருதலாகாது.

அளவிடலும் காப்பும்

சார்கோபீனியாவுக்கான ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறைப்படி, கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழ் இருந்தால் அது குறைவு. கருவி இல்லாத வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நடையோடு, வேகவிழைகளுக்கான பளுப்பயிற்சியும் பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவும் தேவை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை அடங்கும். பளுப்பயிற்சியைத் தொடங்குவதற்கு வயது வரம்பு இல்லை. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் தளர்ந்திருந்த 86 முதல் 96 வயதினரின் கால் வலிமை எட்டு வாரப் பளுப்பயிற்சியால் சராசரியாக 174 சதவீதம் கூடியது.